பெட்டிக்குள் பொருத்தம் பார்த்தல்

வழமையாக இந்தப் பக்கத்தில் வரி அறிக்கை, வீட்டுக்கடன், வட்டி வீதம் என்று எழுதுகிறவன் நான். இம்முறை கணினிப் பெட்டிக்குள் கை வைத்திருக்கிறேன். காரணம், எமது நிகழ்ச்சிக்கு ஒரு தாயார் தொலைபேசியில் வந்து கேட்ட கேள்வி. "தம்பி, மகன் சாமான் சாமானா வாங்கித் தானே கொம்பியூட்டர் பூட்டப் போறானாம். பதினைஞ்சாயிரம் கேக்கிறான். காசைக் குடுத்தா உருப்படியா ஒண்டு வருமோ, இல்லாட்டி பெட்டி பெட்டியாக் கிடந்து தூசி பிடிக்குமோ?" செய்திக்கான நேரம் வந்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. பதினையாயிரம் குறோணர் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் இரவு வேலையில் உழைத்த காசு. ஆகவே கேள்வி விளையாட்டைப் பற்றியது என்றாலும் பதில் விளையாட்டாக இருக்கக்கூடாது.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர் கடைசிக் கிழமை, மலிவு விற்பனைக் காலம். மகனுக்கு அப்போது பதினைந்து வயது. கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்த ஆறாயிரம் குறோணர் அவனிடம் இருந்தது. மீதி எண்ணாயிரம் நான் தருவதாக ஒப்பந்தம். இரண்டு கிழமை இருந்து ஒரு பட்டியல் தயாரித்து என்னிடம் தந்தான். கணக்காளன் கையில் பட்டியல் கிடைத்தால் சும்மா இருப்பானா? சிவப்புப் பேனையை எடுத்தேன். றாம் என்று சொல்லப்படும் நினைவகத்துக்கு அவன் எழுதியிருந்த விலை அதிகமாகத் தெரிந்தது. அதே 32 ஜி.பி அளவில், அதே நீளத்தில் இன்னொன்று நானூறு குறோணர் குறைவாக இருந்தது. அவனைக் கேட்காமல், வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் இறங்கி அந்த மலிவானதை வாங்கிவந்தேன். மதர்போட்டிலும் முந்நூறு குறோணர் மிச்சம் பிடித்தேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பிப் பூட்டத் தொடங்கினோம். றாம் இறங்கவில்லை. நான் பெருவிரலால் அமத்தினேன். "அப்பா, அமத்தாதேங்கோ. உது டி.டி.ஆர் நாலு. போட் டி.டி.ஆர் அஞ்சு" என்றான். இன்னும் கொஞ்சம் அமத்தினால் போகும் என்றேன் நான். அவன் என்னுடைய கையைப் பிடித்து விலக்கிவிட்டு, மெதுவாகத்தான் சொன்னான்: "அதில என்ர காசும் இருக்கு அப்பா."

பொதி பிரித்த றாமைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. சட்டப்படி அவர் செய்தது சரி. அந்தச் சட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன். புதிய றாம் வரும்வரை பத்து நாட்கள் சாமான்கள் மேசையில் கிடந்தன. நாங்கள் சோபாவில் இருந்து சாப்பிட்டோம். கணினி ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் மிச்சம் பிடித்த மதர்போட்டில் வைஃபை இல்லை என்பதும் தெரியவந்தது.

வணிகம் படித்தவர்களுக்குப் பரீட்சை மீதி என்றால் தெரியும். ஒவ்வொரு பற்றுச்சீட்டும் தனித்தனியே சரியாக இருக்கலாம். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கும்போது சமப்படாவிட்டால் எங்கோ பிழை. கணினியும் அப்படித்தான். நான் வாங்கிய எந்தப் பொருளும் பழுதானது அல்ல. எல்லாமே நல்ல பொருட்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குச் சாதகம் பார்க்கும்போது பையன் நல்லவன், பெண் நல்லவள் என்பதோடு விடமாட்டார்கள். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். கணினிப் பாகங்களையும் சோடி சோடியாகவே பார்க்க வேண்டும்.

ஆனால் பட்டியல் எழுத முன்னர் பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். என்ன விளையாடப் போகிறாய்? எந்தத் திரையில்? மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றைச் சாதாரண முழு எச்.டி திரையில் விளையாடும் பிள்ளைக்கு நடுத்தரக் கணினி தாராளம். 4கே திரையில் புதிய பெரிய விளையாட்டுகளை ஓடவிட நினைப்பவனுக்குக் கிராபிக்ஸ் கார்ட்டின் விலை மட்டுமே முழுப் பாதீட்டையும் தின்றுவிடும். ஏற்கெனவே வீட்டில் உள்ள திரை நொடிக்கு 60 தடவைதான் படம் மாற்றும் என்றால், 200 படம் தரும் கார்ட்டை வாங்கிப் பெரிய பயன் இல்லை.

இனி முதலாவது சோடி: புறோசசரும் மதர்போட்டும். புறோசசர் என்பது கணக்குப் பார்க்கும் மூளை. மதர்போட் என்பது எல்லாப் பாகங்களும் வந்து குந்தும் பலகை. புறோசசர் உட்காரும் இடத்தைச் சொக்கற் என்பார்கள். இது பொருந்தாவிட்டால் வேறு எது பொருந்தியும் பயன் இல்லை. சாதகத்தில் ரச்சுப் பொருத்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.எம்.டி நிறுவனத்தின் புறோசசர்களில் இன்று கடைகளில் காண்பவை இரண்டு சொக்கற் வகைகள். ஏ.எம் 4 என்பது 2016 இல் வந்தது, 1331 ஊசிகள். ஏ.எம் 5 என்பது 2022 இல் வந்தது, 1718 தொடுபுள்ளிகள். மேசைக் கணினிக்கான றைசன் வரிசையில் 1000 தொடக்கம் 5000 வரையான இலக்கங்கள் ஏ.எம் 4 இல் இருக்கும். 7000, 8000, 9000 இலக்கங்கள் ஏ.எம் 5 இல் இருக்கும். ஒன்றை மற்றதில் பூட்டவே முடியாது. இன்ரெல் பக்கம் வந்தால் 12, 13, 14 ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ 1700 என்ற சொக்கற். 2024 ஒக்ரோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ 1851. பெயரில் உள்ள இந்த இலக்கங்கள் தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையே.

சொக்கற் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். இன்ரெல் 2015 இல் எல்.ஜி.ஏ 1151 என்ற சொக்கற்றைக் கொண்டுவந்தது. 6 ஆம், 7 ஆம் தலைமுறைகள் அதில் ஓடின. 2017 இல் வந்த 8 ஆம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே அளவு. ஆனால் மின் இணைப்புகள் மாறியிருந்ததால் பழைய மதர்போட்டில் அது வேலை செய்யாது. அழகாக உள்ளே இறங்கும், கணினி எழும்பாது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் இன்றைக்கும் இதில் மாட்டுப்படுகிறார்கள்.

சொக்கற் சரி, தலைமுறையும் சரி என்றாலும் இன்னொரு சிக்கல் உண்டு. மதர்போட்டில் பயோஸ் என்ற சிறு மென்பொருள் பதிந்திருக்கும். கணினிக்கு உயிர் வரும்போது முதலில் விழிப்பது அதுதான். மதர்போட் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு சந்தைக்கு வந்த புறோசசரை அந்தப் பழைய பயோசுக்குத் தெரியாது. உதாரணமாக, 2022 இல் செய்யப்பட்ட பி 650 வகை மதர்போட்டில் 2024 இல் வந்த றைசன் 9000 ஐப் பூட்டினால், பயோசைப் புதுப்பிக்கும்வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். சில மதர்போட்களில் புறோசசர் இல்லாமலே ஒரு யு.எஸ்.பி குச்சியால் பயோசைப் புதுப்பிக்கும் பொத்தான் பின்பக்கத்தில் இருக்கும். விலை சற்றுக் கூடினாலும் அந்தப் பொத்தான் உள்ளதை வாங்குவது நல்லது என்பது என்னுடைய எண்ணம். மதர்போட் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு மொடலுக்கும், அது ஏற்கும் புறோசசர்கள் எவை, எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்ற பட்டியல் இருக்கும். பிள்ளை உங்களுக்குக் காட்ட வேண்டிய முதலாவது ஆதாரம் இதுதான்.

இரண்டாவது சோடி மதர்போட்டும் றாமும். என்னைக் கவிழ்த்த சோடி. டி.டி.ஆர் 4, டி.டி.ஆர் 5 இரண்டுமே ஒரே நீளம், இரண்டிலும் 288 தொடுபுள்ளிகள். கையில் எடுத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். வித்தியாசம் அடிப்பக்கத்தில் உள்ள வெட்டு. அது சற்றே இடம் மாறி இருக்கிறது. பிழையானதைப் பூட்டி எரித்துவிடக்கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை அப்படி வைத்திருக்கிறார்கள். நான் அமத்தியது அந்தப் பாதுகாப்பைத்தான்! ஏ.எம் 4 என்றால் டி.டி.ஆர் 4. ஏ.எம் 5 என்றால் டி.டி.ஆர் 5 மட்டும். எல்.ஜி.ஏ 1851 உம் டி.டி.ஆர் 5 மட்டும். எல்.ஜி.ஏ 1700 இல்தான் குழப்பம்: புறோசசர் இரண்டையும் ஏற்கும், ஆனால் மதர்போட் ஏதாவது ஒன்றை மட்டுமே ஏற்கும். ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்பனைக்கு இருக்கும். பெயரின் கடைசி எழுத்துவரை வாசியுங்கள். மடிக்கணினியின் றாம் நீளம் குறைந்தது. அது மேசைக் கணினியில் பொருந்தாது.

றாமை ஒற்றையாக வாங்காமல் ஒரே பொதியில் வரும் சோடியாக வாங்குவது நல்லது. இரண்டு வழியில் தரவு போய்வரும், வேகம் கூடும். நான்கு இடம் இருந்தால் புறோசசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் பூட்டச் சொல்லி அநேகமான மதர்போட் கையேடுகள் சொல்லும். பிறகு வாங்கிச் சேர்ப்போம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி.டி.ஆர் 5 இல் நான்கு துண்டுகள் போட்டால் வேகத்தைக் குறைத்தே ஓடவேண்டி வரலாம்.

றாம் விலை பற்றி ஒரு வார்த்தை. 2025 இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதால் உலகமெங்கும் றாம் விலை விறுவிறென்று ஏறியது. குருசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு றாம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நான் 2023 இல் விட்ட பிழையை அதற்குப் பிறகு விட்டவர்களுக்கு நட்டம் நானூறு குறோணரோடு நின்றிருக்காது. இதே காரணத்தால், வீட்டில் நல்ல நிலையில் டி.டி.ஆர் 4 றாம் கிடக்கிறது என்றால், ஏ.எம் 4 மதர்போட்டும் றைசன் 5000 வரிசைப் புறோசசரும் வாங்குவது வெட்கப்பட வேண்டிய முடிவு அல்ல. முழு எச்.டி திரையில் விளையாட அது போதும். ஆனால் அந்தப் பாதை அத்தோடு முடிந்துவிடும். ஏ.எம் 5 சொக்கற்றை 2027 வரையாவது தொடர்வதாக ஏ.எம்.டி சொல்லியிருப்பதால், நாலு வருடத்தில் புறோசசரை மட்டும் மாற்ற விரும்புகிறவர்களுக்கு அதுவே பொருத்தம்.

பிள்ளைகள் அதிகம் ஆசைப்படுவது கிராபிக்ஸ் கார்ட்டுக்கு. ஆச்சரியமாக, பூட்டும் இடத்தைப் பொறுத்தவரை இதில்தான் தொல்லை குறைவு. பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் என்ற அந்த நீண்ட இடம் பழைய, புதிய தலைமுறைகளைக் கலந்து ஏற்கும். தொல்லை வருவது உடம்பு அளவில். இன்றைய பெரிய கார்ட்கள் 300 மில்லிமீற்றருக்கு மேல் நீளம். தடிப்பில் மூன்று இடத்தை அடைக்கும். பெட்டியின் விபரத்தில் எவ்வளவு நீளமான கார்ட் போகும் என்று எழுதியிருப்பார்கள். முன்பக்கத்தில் விசிறியோ நீர்க் குளிரூட்டியோ பூட்டினால் அந்த நீளம் மேலும் குறையும். புறோசசருக்கு மேல் வைக்கும் குளிரூட்டியின் உயரமும் அப்படித்தான். பேர்பெற்ற பெரிய குளிரூட்டிகள் 165 மில்லிமீற்றர் உயரம். ஒடுங்கிய பெட்டியில் கண்ணாடிக் கதவு மூடாது. குளிரூட்டியைப் பூட்டும் கொழுக்கிகளும் சொக்கற்றுக்குச் சொக்கற் மாறும் என்பதால் அந்தப் பெயர் பொதியில் இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போட் அளவும் பெட்டி அளவும் ஒத்துப்போக வேண்டும். முழு ஏ.ரி.எக்ஸ் 305க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ 244க்கு 244, மினி 170க்கு 170. பெரிய பெட்டியில் சின்னப் பலகை போகும், மறுவளமாகப் போகாது.

புறோசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் திரைக்குப் படம் தரும் பகுதி இல்லை. றைசன் 5000 வரிசையில் ஜி என்ற எழுத்து இல்லாதவற்றிலும் இல்லை. கிராபிக்ஸ் கார்ட்டைப் பிறகு வாங்குவோம், இப்போதைக்கு அது இல்லாமல் ஓடட்டும் என்று திட்டமிடும் குடும்பங்கள் இதைக் கவனிக்காவிட்டால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். மின்சாரம் வழங்கும் பவர் சப்ளை. காசு முடியும்போது பிள்ளைகள் முதலில் வெட்டுவது இதைத்தான், ஏனென்றால் இது விளையாட்டின் வேகத்தைக் கூட்டாது. வீட்டைக் கட்டிவிட்டு மின்கம்பியை மலிவாகப் போடுவது போன்ற வேலை இது.

கணக்கு மிக இலகு. 65 வாட் என்று எழுதிய றைசன் 5 7600 முழு மூச்சில் 88 வாட் வரை இழுக்கும். என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ் 5060 கார்ட் 145 வாட். மதர்போட், றாம், விசிறி எல்லாவற்றுக்கும் ஓர் ஐம்பது. மொத்தம் முந்நூறைத் தாண்டாது. அப்படியிருந்தும் அந்தக் கார்ட்டுக்கு என்விடியா சொல்வது 550 வாட் பவர் சப்ளை. 250 வாட் இழுக்கும் ஆர்.ரி.எக்ஸ் 5070 க்கு 650 வாட். காரணம், கார்ட் ஒரு கணப்பொழுதில் தன் அளவையும் மீறி இழுக்கும். மேலும் கருவி எல்லையில் நின்று வருடக்கணக்காக ஓடுவது நல்லதல்ல. மாதச் சம்பளம் முழுவதையும் தவணைக்கு எழுதிக் கொடுக்காதே என்று நான் வீட்டுக்கடனுக்குச் சொல்கிற புத்திதான் இதுவும். பொதியில் உள்ள 80 பிளஸ் தங்கம், வெண்கலம் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அதை முழுத் தரச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளக்குகளில் இரண்டு ஆபத்து. புறோசசருக்குப் போகும் எட்டு ஊசி பிளக்கும், கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் போகும் எட்டு ஊசி பிளக்கும் பார்வைக்கு ஒரே சாதி. உள்ளே நேர், மறை மின் கம்பிகள் தலைகீழ். வடிவத்தில் சிறு வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். என்னைப்போல் அமத்துகிறவர்களுக்கு அது போதாது. மற்றது, கம்பிகளைக் கழற்றிப் பூட்டும் வகைப் பவர் சப்ளைகள். பழைய கம்பியைப் புதிய பவர் சப்ளையில் பூட்டலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பவர் சப்ளை பக்கத்து ஊசிகளின் ஒழுங்குக்குப் பொது விதி கிடையாது. ஒரே கொம்பனியின் இரண்டு மொடல்களுக்குள்ளேயே மாறலாம். பிழையான கம்பி ஒன்றே வன்தட்டையும் மதர்போட்டையும் ஒரு நொடியில் கொன்றுவிடும். பவர் சப்ளையை மாற்றினால் கம்பிகளையும் முழுவதுமாக மாற்றுங்கள். அதன் பெட்டியைத் திறந்து பார்க்கவும் பிள்ளைகளை விடவேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

சேமிப்புத் தட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எம்.2 என்ற சிறு பட்டி வடிவத்தில் என்.வி.எம்.ஈ, சாட்டா என்று இரண்டு சாதி உண்டு. மதர்போட்டின் அந்த இடம் எதை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். வைஃபை உள்ள மதர்போட்டா என்பதையும் பாருங்கள். ரூட்டர் இருப்பறையில், பிள்ளை கடைசி அறையில் என்று இருக்கும் தொடர்மாடி வீடுகளில் கம்பி இழுப்பது எல்லோருக்கும் சரிவராது.

சோடி பார்க்கும் வேலையில் உதவிக்குப் பிசி பார்ட் பிக்கர் என்ற இணையத்தளம் இருக்கிறது. பாகங்களைத் தெரிவு செய்தால் எது ஒத்துவராது என்று சிவப்பில் காட்டும். நல்ல உதவி. ஆனால் பயோஸ் பதிப்பு, சில இட அளவுகள் போன்றவற்றில் குறிப்பு மட்டுமே தரும். அந்தக் குறிப்பையும் வாசிக்க வேண்டும். விலைக்குப் பிரிஸ்யாக்த் இணையத்தளத்தில் ஒவ்வொரு பொருளின் கடந்தகால விலை வரைபடம் உண்டு. நவம்பர் மலிவு விற்பனையில் கழிவு என்று போட்டிருப்பது உண்மையான கழிவா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

பழைய கணினி வாங்கித் திருத்தும் எண்ணம் பலருக்கு உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஃபின் தளத்தில் ஆயிரத்து இருநூறு குறோணருக்கு ஒரு அலுவலகக் கணினி வாங்கியது. ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட்டால் விளையாடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கார்ட் வாங்கியாயிற்று. பெட்டி ஒடுக்கம், கார்ட் போகவில்லை. உள்ளே இருந்த பவர் சப்ளை சிறியது. கார்ட்டுக்கான பிளக் அதில் இல்லை. சரி, பவர் சப்ளையை மாற்றுவோம் என்றால் மதர்போட்டின் மின் பிளக் அந்தக் கொம்பனியின் சொந்த வடிவம். கடையில் விற்கும் பொதுவானது பொருந்தாது. பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் இதுதான் நிலைமை. பாடசாலை வேலைக்கு அவை அருமையானவை. விளையாட்டுக் கணினிக்கு அத்திவாரம் ஆகாது.

பழையது வாங்கும்போது விண்டோஸ் 11 ஐயும் நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. நோர்வே உட்பட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியினருக்கு 2026 ஒக்ரோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பித்தல்களை இலவசமாக நீடித்தது. விண்டோஸ் 11 க்கு இன்ரெல் என்றால் 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, றைசன் என்றால் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தியது, அதோடு ரி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். வலோரன்ட் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11 இல் இந்த வசதி இயங்கினால்தான் திறக்கும். பழைய இன்ரெல் 13, 14 ஆம் தலைமுறைப் புறோசசர் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். அவற்றில் ஒரு பகுதி மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலைவது 2024 இல் வெளிச்சத்துக்கு வந்தது. இன்ரெல் பயோஸ் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடங்கள் நீடித்தது. விற்பவர் அந்தத் திருத்தத்தைப் போட்டுத்தான் பாவித்தாரா என்று கேட்பதில் தவறில்லை.

கொழும்புக்குப் போகும்போது பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் வாங்கலாமா, கனடாவில் இருக்கும் மாமாவிடம் சொல்லி எடுப்பிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. யூனிற்றி பிளாசாப் பெடியள் நிற்க நிற்கப் பூட்டித் தருகிற வேகத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பழுது வந்தால் பொருளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகவேண்டும். கனடாவிலிருந்து வரும் விசைப்பலகையில் பிள்ளைக்குப் பாடசாலையில் தேவைப்படும் மூன்று நோர்வேஜிய எழுத்துகளும் இராது. தபாலில் வந்தால் 25 வீத மூம்ஸ் வரியும் கட்டவேண்டும்.

பூட்டும் நாள் குளிர்காலத்தில் வந்தால் இரண்டு விடயம். மறை பதினைந்து பாகையில் காரில் கிடந்த பொதியை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் பிரித்தால் உள்ளே ஈரம் பிடிக்கும். சில மணி நேரம் பொதியோடு அறையில் விட்டுவிடுங்கள். மற்றது நிலைமின்சாரம். சனவரி மாத ஒஸ்லோ வீட்டின் காய்ந்த காற்றில், கம்பளிக் காலுறையோடு நடந்து போய்க் கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று அடிப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அடி சில்லுக்கு விழுந்தால் அது சத்தம் போடாமல் சாகலாம். காலுறையைக் கழற்றி, நிலவிரிப்பு இல்லாத இடத்தில், அடிக்கடி பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தால் போதும்.

எல்லாம் பூட்டிப் பொத்தானை அமத்திய அன்று எங்கள் வீட்டில் விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பு. நான் மகனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். டி.டி.ஆர் 5 கணினி முதல் தடவை எழும்பும்போது தன் றாமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. நான் நிற்பாட்டப் போனேன். "இருங்கோ அப்பா" என்றான். இம்முறை கையை எடுத்துவிட்டேன். நான்கு நிமிடம் போல் கழித்து எழுத்துகள் வந்தன. அப்படியும் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, திரையின் கம்பி மதர்போட்டில் குத்தப்பட்டிருக்கிறதா கிராபிக்ஸ் கார்ட்டில் குத்தப்பட்டிருக்கிறதா என்பதை. கார்ட்டில்தான் இருக்கவேண்டும். ஈஸ்ரருக்குக் ஹாமாரில் நடக்கும் த கதெரிங் போன்ற கணினி விழாவுக்குப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதானால், பாரமான கார்ட்டைக் கழற்றித் தனியே கொண்டுபோகச் சொல்லுங்கள். காரில் குலுங்கி அந்த இடம் உடைந்தால் மதர்போட்டே போய்விடும்.

கடைசியாகச் சட்டம். இணையத்தில் வாங்கினால் அங்கரெத் என்ற 14 நாள் மனம் மாறும் உரிமை உண்டு. பொதியைப் பிரித்துப் பார்க்கலாம். பாவித்துப் பெறுமதி குறைந்தால் அந்தளவைக் கழிக்கலாம். கடைக்குள் போய்க் கையால் வாங்கினால் அந்த உரிமை சட்டத்தில் இல்லை. கடை தானாக எழுதிக் கொடுத்தால் மட்டும் உண்டு. என்னுடைய றாம் மாட்டுப்பட்டது இதில்தான். பொருளிலேயே குறை இருந்தால் அது வேறு விடயம், றெக்லமாஷூன். 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி இரண்டு வருடம். நீண்டகாலம் உழைக்க வேண்டிய பொருளுக்கு ஐந்து வருடம். கணினிகள் ஐந்து வருட வகையில் கணிக்கப்படுகின்றன. உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று கடை சொன்னாலும் இந்த உரிமை முடியாது. குறையைக் கண்டதும் சுணங்காமல் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தனியாரிடம் பழையது வாங்கினால் இந்தச் சட்டம் பொருந்தாது, ஆகவே அவரிடமிருந்து பழைய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

முழுக் கணினியாக வாங்கியவர் பெட்டியோடு கடைக்குக் கொண்டுபோகலாம். தானே பூட்டியவர் எந்தப் பாகம் பழுது என்பதைத் தானே கண்டுபிடித்து, அந்தப் பாகத்தை விற்ற கடைக்கு எழுத வேண்டும். ஐந்து கடையில் வாங்கியிருந்தால் ஐந்து பற்றுச்சீட்டு. கடைத்தாளில் அச்சடித்த மை இரண்டு வருடத்தில் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படமெடுத்து, பொருளின் தொடர் இலக்கத்தோடு சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோப்பு மகனிடம் இருக்கிறது.

கேள்வி கேட்ட அந்தத் தாயாருக்கு: மகனின் பட்டியலை வாங்குங்கள் அக்கா, ஆனால் சிவப்புப் பேனை வேண்டாம். புறோசசர், மதர்போட், றாம், கார்ட், பெட்டி, பவர் சப்ளை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதனோடு, ஏன் பொருந்துகிறது என்று அவன் கையாலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். மலிவானது ஏதும் உங்கள் கண்ணில் பட்டால் வாங்க முதல் அவனுக்கு ஒரு படம் அனுப்பிக் கேளுங்கள். எழுத முடியாத வரி ஒன்று இருந்தால், அந்தப் பொருளுக்கு மட்டும் காசைப் பிடித்து வையுங்கள்.